பட்டியலில் இல்லாத விரியன்

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் பச்சை நிறத்தில் ஒரு போர்டு இருக்கிறது. ‘பாம்புக்கடிச் சாவு இல்லாத தாலுகா, நூற்றுக்கு நூறு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பாம்புப் படம். வரைந்த புண்ணியவான் ஜென்மத்தில் பாம்பைப் பார்த்ததில்லை போல, புடலங்காய்க்குக் கண் வைத்த மாதிரி வரைந்திருக்கிறான். கீழே சின்ன எழுத்தில், முகாமில் வேலை பார்த்த ஆறு நர்ஸ்களின் பெயர்கள். மூன்றாவது பெயர் ஜெசிந்தா. அது நான்தான்.

முகாம் நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அரசாங்கம் வைத்த பெயர் காப்பு ஊசி, ஜனங்கள் வைத்த பெயர் பாம்பூசி. இடது தோளில் ஒரே ஒரு தடவை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன், இந்த நாலு விஷத்தையும் முறிக்கிற மாற்றை உடம்பே தயார் பண்ணி வருஷக்கணக்கில் ரத்தத்தில் வைத்துக்கொள்ளும். அப்புறம் பாம்பு கடித்தாலும் கடித்த இடம் வீங்கும், ஒரு நாள் காய்ச்சல் வரும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நான் பார்த்த கேசுவால்டி வேறு. அடித்துக் கொன்ற பாம்பை உரச்சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், ஆளைப் பார்ப்பதா பாம்பைப் பார்ப்பதா என்று இருக்கும். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்போம். இப்போது அந்தக் குழாய்களில் பேனா போட்டு வைத்திருக்கிறோம். விஷமுறிவு மருந்து வருவதும் நின்றுவிட்டது. வாங்க ஆளில்லாத மருந்தை எவன் தயாரிப்பான்? ஜனங்களும் மாறிவிட்டார்கள். டார்ச் இல்லாமல் வயலுக்குப் போகிறார்கள், கதவைத் திறந்துபோட்டுத் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். கடித்தால் கடிக்கட்டுமே என்று ஒரு தெனாவெட்டு வந்துவிட்டது.

இப்படியிருக்கும்போதுதான் புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு மகிழினியைக் கொண்டுவந்தார்கள். இருபத்துநாலு வயசு. குட்டியானை லோடு வண்டியில் போட்டு, அவள் மாமியார் தவமணி மடியில் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தாளாம், இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம், அப்புறம் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாளாம். நாக்கு வேறு குழறியது. புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான்.

அவளை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது புடவையிலிருந்து குப்பென்று பூச்சிமருந்து நாற்றம் அடித்தது. எனக்கு அப்போதே விஷயம் முடிந்துவிட்டது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இந்த நாற்றத்தை எத்தனை பார்த்திருப்பேன். வீட்டில் என்ன சண்டை என்று தவமணியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள் இரண்டு பேரும் பருத்திக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அம்மா வீட்டில் காதுகுத்து, நான்கு நாள் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று இவள் கேட்க, பருத்தி வெடித்து நிற்கும்போதா என்று மாமியார் ஒரு வார்த்தை விட்டிருக்கிறாள். மருமகள் கோபத்தில் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, கட்டிலில் படுக்காமல் கூடத்தில் ஒரு பாயை விரித்துச் சுருண்டுகொண்டாளாம். மருந்து அடித்த புடவை என்பதால் நாற்றம் என்று தவமணி சொன்னாள். எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். போலீஸ் கேஸுக்குப் பயந்து, குடித்தவளைப் பூச்சி கடித்தது என்றும் தலைசுற்றி விழுந்தாள் என்றும் சொன்ன குடும்பங்களைப் பார்த்தே என் தலை நரைத்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டே அவள் காதுப் பக்கம் குனிந்து நன்றாகக் கொடுத்தேன். ஒரு சொல் பொறுக்காதா, உடனே மருந்து டப்பாவைத் தேடணுமா, நீ குடித்துவிட்டு ஒய்யாரமாகப் படுத்துக்கொள்வாய், உன் எச்சிலைத் துடைப்பதும் எங்கள் தலையெழுத்தா என்றெல்லாம் திட்டினேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, தூக்க முடியாத இமைகளின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கோழைதான் வழிந்தது. நான் துடைத்துவிட்டுப் போய்விட்டேன்.

டாக்டர் இன்பசேகர் கோயம்புத்தூர்ப் பிள்ளை, இருபத்தெட்டு வயசு. தங்கமான மனசு, சாப்பிடாமல்கூட வார்டில் நிற்பார். ஆனால் பாம்புக்கடியை அவர் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. எங்களிடம் நஞ்சுமானி என்று ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் வைத்து, ஆளின் சுகாதார நம்பரைத் தட்டினால் இரண்டு நிமிஷத்தில் என்ன விஷம் என்று பட்டியல் போடும். அது முதலில் அந்த நம்பரின் பழைய பதிவுகளைப் படித்து, இந்த ஆளுக்கு வர வாய்ப்பில்லாததை எல்லாம் கழித்துவிட்டுத்தான் பார்க்கவே ஆரம்பிக்கும். நேரம் மிச்சமாம்.

மகிழினியின் பட்டியல் வந்தது. நாலு பாம்புகளும் வழக்கம்போல் சாம்பல் நிறத்தில், குறுக்கே கோடு போட்டு. அதன் கீழே பூச்சிமருந்து, கொஞ்சம் உண்டு. அதற்கும் கீழே, வகை தெரியாத நரம்பு நஞ்சு, நிறைய உண்டு. டாக்டர் முகத்தைச் சுளித்தார். புதுசாக ஏதாவது கலப்பு மருந்து கடைக்கு வந்திருக்கும், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். வயிற்றைக் கழுவினோம், பூச்சிமருந்தை முறிக்கிற அட்ரோபின் ஊசி போட்டோம், மறுபடியும் போட்டோம்.

எனக்கு அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும், நெஞ்சில் காதை வைத்தால் உலை கொதிக்கிற சத்தம் கேட்கும். இவள் உடம்பு காய்ந்து கிடந்தது. நெஞ்சு சுத்தமாக இருந்தது. கண்ணைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அட்ரோபின் போட்டதால் பாப்பா தானாகவே விரிந்துவிட்டது, இனி அந்தக் கண் எதையும் சொல்லாது. டாக்டரிடம் சொன்னேன். எனக்கும் புரியவில்லை சிஸ்டர், புது மருந்துக்குப் புதுக் குணம் இருக்கலாம் என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. ஒன்பதரைக்கு மூச்சு தடுமாற ஆரம்பித்தது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் மாட்டினோம்.

நஞ்சுமானி பூச்சிமருந்து என்று காட்டினால் ஸ்டேஷனுக்குத் தானாகத் தகவல் போய்விடும். ஏட்டு வந்து, வராந்தாவில் தவமணியை உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மருமகள் தானாகக் குடித்தாளா, நீ கலந்து கொடுத்தாயா என்பதுதான் கேள்வி. அந்தப் பொம்பளை இரண்டையும் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நான் ஒரு சொல்லுதான் சொன்னேன், ஒரு சொல்லுதான் சொன்னேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, தன் சொல்லால்தான் குடித்திருப்பாளோ என்று.

பதினொரு மணிக்கு மகிழினியின் அம்மா ரேணுகா வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் தவமணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“எம் பொண்ணுக்கு என்னாத்தக் குடுத்த? பருத்தி எடுக்க ஆள் வேணும்னா கூலிக்குக் கூப்புட்டிருக்கலாம்ல. எதுக்கு எம் பொண்ணக் கேட்டு வந்த?”

தவமணி முந்தானையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. ஏட்டுதான் இரண்டு பேரையும் பிரித்து உட்காரவைத்தார்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாப்பா அசையவில்லை. அட்ரோபின் விரிய வைத்திருக்கலாம் என்றால், கிள்ளினாலும் ஒரு விரல் ஆடவில்லை, தொண்டையில் குழாயை அசைத்தாலும் இருமல் இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் திரையில் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மூளை போயிருக்கும், சாயங்காலம் வரை பாருங்கள், அப்புறம் குடும்பத்தைக் கூப்பிட்டு மெஷினை எடுப்பது பற்றிப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு மறைந்தார். இன்பசேகர் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு அது முதல் சாவு என்று நினைக்கிறேன். பாவமாக இருந்தது.

நான் மறுபடியும் கட்டில் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. காலையில் அவள் என்னைப் பார்த்த பார்வை எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, இமை இடுக்கால் பார்க்கிற பார்வை. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு ஐந்தாறு பேரைப் பார்த்திருக்கிறேன். தரையில் படுத்தவர்கள், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவர்கள், உடம்பில் ஒரு பல்தடம்கூட இல்லாதவர்கள். முதலில் இமை விழும், அப்புறம் நாக்கு, அப்புறம் தொண்டை, அப்புறம் மூச்சு. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, கொசு கடித்த மாதிரிதான் இருக்கும். தூங்குகிறவர்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இவளுக்கு எப்படி? ஊசி போட்டுக்கொண்டவள் ஆயிற்றே. நம்பரைத் தட்டி மறுபடியும் பதிவைப் பார்த்தேன். காப்பு ஊசி, தை மாதம், இடது தோள், போட்டாயிற்று என்பதற்குப் பச்சைப் புள்ளி. பதிந்தவர், ஜெசிந்தா. என் கையால் போட்டிருக்கிறேன், அப்புறம் எப்படி?

அப்போதுதான் ரேணுகாவை மகளைப் பார்க்க உள்ளே விட்டார்கள். அழுதுகொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். அழுகையும் நின்றுவிட்டது.

“சிஸ்டர், நீங்களா?”

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். முகாமில், பள்ளிக்கூட வராந்தாவில், வரிசையை விட்டு விலகி வந்து என் காதோரம் பேசிய குரல். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் சிஸ்டர், நல்ல இடம், இந்த ஊசி போட்டால் தோள் பலாச்சுளை கணக்காக வீங்கி ஒரு வாரம் காய்ச்சல் அடிக்கிறதாமே, பிள்ளை முகம் வாடிப் போய்விடுமே, மாப்பிள்ளை வீட்டில் பெண்ணுக்கு என்ன சீக்கு என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன், போட்டதாக எழுதிவிடுங்கள், நிச்சயம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். பக்கத்தில் தலைகுனிந்து நின்ற பெண்ணின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை.

நானும் பெண்ணைப் பெற்றவள்தான். அன்றைக்கு அந்த ஊரில் நானூற்றுப் பத்து பேர். நானூற்று ஒன்பது பேருக்கு முடிந்துவிட்டது, ஒரு பெயர் மிச்சம் நின்றால் மேலே ஆயிரம் கேள்வி. மருந்தைப் பஞ்சில் பீய்ச்சிக் குப்பையில் போட்டேன், புள்ளியைப் பச்சையாக்கினேன். ஒரு நல்ல காரியத்துக்கு உதவி செய்தோம் என்று திருப்தியோடு வீட்டுக்குப் போனதுகூட ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவர்களும் வரவில்லை, நானும் நினைக்கவில்லை.

இது பாம்புக்கடி மாதிரி இருக்கும்மா என்று ரேணுகாவின் காதில் சொன்னேன். அவளுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே சம்பந்தியம்மாவைக் கொலைகாரி என்று கத்திவிட்டு வந்திருக்கிறாள், இப்போது வாயைத் திறந்தால் பழி தன் தலையில்தான் விழும். நான் திறந்தால் என் வேலை போகும், இன்னும் மூன்று வருஷத்தில் வரவேண்டிய பென்ஷன் போகும். வென்டிலேட்டர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் கையை உருவிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

“சார், இது கட்டுவிரியன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊசி போட்டுக்கொண்ட பெண்ணாச்சே சிஸ்டர் என்றார். சில பேருக்கு ஊசி உடம்பில் பிடிக்காமல் போயிருக்கலாம் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். லட்சத்தில் ஒருத்தருக்குக்கூட அப்படி ஆனதில்லை என்றார் அவர். இவள் அந்த ஒருத்தியாக இருந்துவிட்டுப் போகட்டும், நம்பரைத் தட்டாமல், பெயர் தெரியாத ஆள் என்று போட்டு ரத்தத்தைப் பாருங்கள் சார் என்றேன். ரோட்டில் மயங்கிக் கிடப்பவர்களுக்கு அப்படித்தான் பார்ப்போம், அப்போது மெஷின் எதையும் கழிக்காது.

இரண்டு நிமிஷம். இந்தத் தடவை சாம்பல் நிறமில்லை, குறுக்குக் கோடு இல்லை. முதல் வரியிலேயே கட்டுவிரியன், தொண்ணூற்றேழு விழுக்காடு.

இன்பசேகர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். அப்புறம் எழுந்து அலமாரியைத் திறந்து மூடினார், அதில் மருந்து இல்லை என்று தெரிந்தும். மாவட்டத்திலேயே இல்லை. பக்கத்து மாநிலத்திலிருந்து வரவழைக்க ஒரு நாள் ஆகும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“மருந்துதான் சிஸ்டர் ஊர் முழுக்க நடமாடிக்கிட்டு இருக்கே. ஊசி போட்டவங்க ரத்தத்துல இருக்கிறது அதே மாற்றுதான? தண்ணிய மட்டும் பிரிச்சு இவளுக்கு ஏத்துவோம். மிச்சம் சுத்திக்கிட்டு இருக்கிற விஷத்தை அது பிடிச்சுக்கும். நரம்புல ஏற்கெனவே பட்டது தானா தேறணும், அதுவரைக்கும் மூச்சு நாம குடுக்கணும்.”

அப்படியானால் மூளை என்று நான் இழுத்தேன். மூளைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது சிஸ்டர், உடம்புதான் பூட்டிக்கிடக்கிறது என்றார். அரை மணி நேரத்துக்கு முன்னால் மெஷினை எடுப்பது பற்றிப் பேசியிருந்தோம்.

ஊசிக்கு அப்புறம் கடியும் பட்டவர்களுக்கு மாற்று பல மடங்கு ஊறியிருக்கும், அப்படி யாராவது மகிழினியின் பி பாசிட்டிவ் குரூப்பில் இருக்கிறார்களா என்று வராந்தாவில் வந்து கேட்டார். ரேணுகா ஏ குரூப். தவமணி ஏட்டின் முன்னாலிருந்து எழுந்து நின்றாள். போன வருஷம் களத்தில் கட்டுவிரியன், அதற்கு முன்னால் வரப்பில் கண்ணாடி விரியன், இரண்டு கடியையும் அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். என்ன குரூப் என்று பார்த்தோம். பி பாசிட்டிவ். ஏட்டு வாக்குமூலத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்கய்யா. அவ எந்திரிச்சு என்னத் திட்டட்டும், போதும்.”

ஊசியைக் குத்தும்போது தவமணியின் கையைப் பார்த்தேன். இடது தோளில் பாம்பூசியின் வடு, அதற்கென்றே இருக்கிற சின்னப் பள்ளம், தெளிவாக இருந்தது. மகிழினியின் தோளை நான் காலையிலிருந்து ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. பச்சைப் புள்ளி இருக்கும்போது தோளை எதற்குப் பார்ப்பது?

மூன்று மணிக்கு மஞ்சள் நீராக அது சொட்ட ஆரம்பித்தது. டாக்டர் சாப்பிடப் போனார். அறையில் நானும் அவளும் மட்டும். காலையில் திட்டிய அதே காதுப் பக்கம் குனிந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது, இவளுக்குத்தான் ஒன்றும் கேட்காதே என்று தைரியம். உனக்கு ஊசி பிடிக்காமல் போகவில்லைடி, நான்தான் போடவே இல்லை, உன் அம்மா கெஞ்சினாள், நான் புள்ளி வைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு, பிழைத்து வந்துவிடு என்று சொன்னேன். என் கண்ணீர் அவள் காதில் விழுந்தது. துடைத்துவிட்டு எழுந்தேன். பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நாலாம் நாள் இடது இமை ஒரு நூலளவு தூக்கியது. ஐந்தாம் நாள் விரல்கள். ஏழாம் நாள் குழாயை எடுத்தோம். இதற்குள் வெளியே ஊரே தலைகீழாகிவிட்டது. ஊசி பிடிக்காத முதல் ஆள் என்று டாக்டர் நேர்மையாக மேலே எழுதி அனுப்பியிருந்தார். சேதி பரவி, எங்கள் ஊசியும் பிடித்ததா இல்லையா என்று ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டினார்கள். பருத்தி வெடித்துக் கிடக்க ஒருத்தரும் காட்டில் இறங்கவில்லை. கண்ணில் பட்ட சாரைப்பாம்பையெல்லாம் அடித்து வேலியில் தொங்கவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது, மருந்திலேயே கோளாறா என்று பார்க்க. இன்பசேகர் ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தார், எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் காலை மகிழினிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். தவமணி கஞ்சி வாங்கக் கேன்டீன் போயிருந்தாள். ரேணுகா முந்தின நாளே, ஆடுமாடு பார்க்க ஆளில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள். கட்டிலில் மல்லாந்து, மகிழினி கரகரத்த குரலில் மெதுவாகப் பேசினாள்.

“நான் மருந்து குடிக்கல சிஸ்டர்.”

தெரியும் கண்ணு என்றேன்.

“அன்னைக்குக் காலையிலேயே சொல்லணும்னு பாத்தேன். நாக்கு வரல. நீங்க திட்டிட்டுப் போயிட்டீங்க.”

என் கையில் சீப்பு நின்றது.

“கண்ணத் தொறக்க முடியல, விரல அசைக்க முடியல. ஆனா எல்லாம் கேட்டுச்சு. மூளை போயிருக்கும்னு அந்தப் பெரிய டாக்டர் சொன்னது கேட்டுச்சு. வெளிய எங்கம்மா அத்தையக் கொலைகாரின்னு சொன்னது கேட்டுச்சு. அப்பறம் நீங்க காதுல சொன்னதும் கேட்டுச்சு.”

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன். கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு இத்தனை நாள் இவள் என் கையால் மருந்து வாங்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்த மாதிரி பேசினாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அத்தை ரத்தம் ஒரு மாசம்தான் காக்கும் என்று டாக்டர் சொல்கிறார், அதே வீடு, அதே கூடம், பாம்பும் அங்கேயேதான் எங்கேயோ இருக்கும் என்றாள். அப்புறம் என் கையைத் தொட்டாள்.

“அந்த ஊசிய இப்பப் போட்டுடுங்க சிஸ்டர். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

இதோ வருகிறேன் என்று எழுந்து ஓடினேன். இதுகூடச் செய்யாவிட்டால் நான் மனுஷியே இல்லை. ஊசி இருக்கும் குளிர்பெட்டி ஆபீஸ் அறையில். அது ஆள் நம்பரைத் தட்டினால்தான் ஒரு குப்பியை வெளியே தள்ளும். மகிழினியின் நம்பரைத் தட்டினேன். பயனாளி ஏற்கெனவே பெற்றுள்ளார் என்று சொல்லிவிட்டது. மறுபடியும் தட்டினேன், அதே பதில். ஊசி பிடிக்காதவர் என்ற வழியில் போய்ப் பார்த்தேன். சென்னைக் குழு ரத்தம் எடுத்து, ஆறு மாசம் ஆராய்ந்து, அப்புறம்தான் முடிவு என்று வந்தது. வேறு யார் நம்பரையாவது போட்டு அந்தக் குப்பியை இவளுக்குப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்படிச் செய்தால் இன்னொரு வீட்டில் இன்னொரு பச்சைப் புள்ளி பொய்யாக நிற்கும். வேண்டாம் என்று விட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொத்தான். பதிவைத் திருத்து. அழுத்தினேன். காரணம் கேட்டது. மருந்து செலுத்தப்படவில்லை என்று எழுதினேன். தவறாகப் பதிந்த பணியாளர் பெயர் கேட்டது. ஜெசிந்தா என்பதை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. மேலே அனுப்பவா என்றது. அனுப்பினேன். பெட்டிக்குள் ஏதோ நகரும் சத்தம் கேட்டது, சில்லென்று ஒரு குப்பி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

வார்டுக்குத் திரும்பினேன். தவமணி மருமகளை நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஊசி சிஸ்டர் என்று கேட்டாள். பாம்பூசி என்றேன். திரும்பவுமா என்றாள். மகிழினி என்னைப் பார்த்தாள். இல்லைம்மா, இதுதான் முதல் தடவை என்று நானே சொல்லிவிட்டேன். தவமணி கையில் கரண்டியோடு என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். மகிழினி இடது கைச் சட்டையை மேலே சுருட்டி, தோளை என் பக்கம் திருப்பினாள். வழவழவென்று, ஒரு வடு இல்லாத தோள். குத்தி முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். வீங்கும், காய்ச்சல் வரும், பயப்படாதே என்றேன். வீங்கட்டும் சிஸ்டர், இப்ப யாரு பொண்ணு பாக்க வரப் போறா என்றாள்.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அவர் அறைப் பக்கம் நடந்தேன். குளிர்பெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தினோமா என்று சந்தேகம் வந்து ஆபீஸில் நுழைந்தேன். திரை இன்னும் அணையவில்லை. நான் கவனிக்காமல் வந்துவிட்ட ஒரு கேள்வி அதில் நின்றுகொண்டிருந்தது. ‘இதே போன்று உங்களால் பதியப்பட்ட வேறு பெயர்கள் உண்டா?’

அந்த வருஷம் தையிலும் மாசியிலும் முகூர்த்தம் நிறைய. எங்கள் முகாம் இருபத்துமூன்று ஊருக்குப் போனது. எல்லா ஊரிலும் கல்யாண வயசில் பெண்கள் இருந்தார்கள், எல்லா ஊரிலும் ஒரு அம்மா வரிசையை விட்டு விலகி என் காதோரம் வந்தாள். நல்ல மனசுக்காரி இந்த சிஸ்டர் என்று ஊருக்கு ஊர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

உண்டு என்பதை அழுத்தினேன்.

எத்தனை என்று கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். ஒரு கை முடிந்துவிட்டது, முகங்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தன. அவர்களில் யார் எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.